மீரி, பீரி: அகால் தக்த் ஒரு அரசியல்வாதியைத் தண்டிப்பது மத ஆட்சியா?

2024 டிசம்பரில் பஞ்சாபின் முன்னாள் துணை முதலமைச்சரும் ஷிரோமணி அகாலி தளம் கட்சியின் தலைவருமாக இருந்த சுக்பீர் சிங் பாதல், சீக்கியர்களின் உயர் மத பீடமான அகால் தக்த் விதித்த தண்டனையாக, அமிர்தசரஸ் பொற்கோயில் வாசலில் சேவாதார் என்ற கோயில் பணியாளரின் உடையில், கையில் ஈட்டியும் கழுத்தில் குற்றப் பலகையுமாக, காலில் அடிபட்டிருந்ததால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது இது: "மக்கள் ஓட்டுப்போட்டு ஆட்சி செய்த ஒருவரை ஒரு மத பீடம் இப்படி உட்கார வைக்கலாமா? இது மத ஆட்சி இல்லையா?" கேள்வியின் பின்பாதியில் நீங்கள் சேர்த்திருக்கும் வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அன்பையும் நாமஸ்மரணையையும் பாடிய குரு நானக்கின் வழி எங்கே திசைமாறி வாளிடம் போனது? ஆன்மிக அதிகாரமும் உலகியல் அதிகாரமும் சீக்கியத்தில் எப்படிச் சேர்ந்தன, இரண்டில் எதற்கு எது கட்டுப்பட்டது என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சீக்கியன் அல்ல. பஞ்சாப் வரலாற்றை முறையாகப் படித்து, அதற்காகவே பஞ்சாபி எழுத்தான குர்முகி கற்று, பல ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன். நூல்கள், நிறுவனங்கள், நிகழ்வுகள் பற்றி என்னால் பொறுப்போடு பேச முடியும். நம்பிக்கைக்கு உள்ளேயிருந்து ஒரு சீக்கியர் சொல்லக்கூடியதற்கு என் பதில் ஈடாகாது.

முதலில் நானக். அவர் அரசியலைத் தொடாத பக்தர் என்ற படம் நம் பாடப்புத்தகங்கள் தந்தது. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் இருக்கும் நானக் வேறு ஆள். 1520-களில் பாபரின் படைகள் பஞ்சாபில் புகுந்ததை வைத்து அவர் பாடிய பாடல்கள் பாபர்வாணி என்றே அழைக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றில் அவர் நியாயம் கேட்பது பாபரிடம்கூட இல்லை, இறைவனிடம். இவ்வளவு அடி விழுந்து மக்கள் கதறினார்களே, உனக்கு வலிக்கவில்லையா என்று கேட்கிறார். அடுத்த வரிகள் இன்னும் கூர்மை: பலசாலி பலசாலியை அடித்தால் மனம் பொறுத்துக்கொள்ளும், புலி பசுமந்தைக்குள் பாய்ந்து கொன்றால் மந்தையின் உடையவன் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே உடையவர்கள் என்று அவர் குறிப்பது, நாட்டைக் காக்கத் தவறிய டெல்லியின் லோதி ஆட்சியாளர்களையும் சேர்த்துத்தான் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வேறொரு பாடலில் அரசர்கள் புலிகள், அவர்களுடைய அதிகாரிகள் தூங்குகிறவரை எழுப்பிக் கடிக்கும் நாய்கள் என்கிறார். உலகை விட்டு மலையேறிய சித்தர்களிடம், நீங்கள் மலையில் ஒளிந்துகொண்டால் உலகத்தை யார் கரையேற்றுவது என்று நானக் கேட்டதாகச் சீக்கியக் கவிஞர் பாயி குர்தாஸ் பதிவு செய்கிறார். அந்த நானக் கடைசிக் காலத்தில் கர்தார்பூரில் குடும்பத்தோடு இருந்து உழுது வாழ்ந்தார், துறவுக்குப் போகவில்லை.

ஆகவே ஆன்மிகம் ஆட்சியைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம் என்ற எண்ணம் அங்கே தொடக்கத்திலிருந்தே இல்லை. ஆனால் ஆட்சியைக் கையில் எடுப்பது என்ற எண்ணமும் நானக்கிடம் இல்லை. ஆட்சியை விசாரிக்கும் உரிமை ஆன்மிகத்துக்கு உண்டு என்பதோடு அவர் நிற்கிறார். பின்னால் வந்தவர்கள் அரச மொழியைக் குருவுக்கே சூட்டினார்கள். கிரந்தத்தில் உள்ள சத்தா, பல்வந்த் என்ற பாடகர்களின் வார் என்ற நெடும்பாடல், நானக் ஓர் அரசை நிறுவினார், உண்மை என்ற கோட்டைக்கு உறுதியான அடித்தளம் போட்டார் என்று பாடுகிறது. ஐந்தாம் குருவான குரு அர்ஜன், யாரும் யாரையும் துன்புறுத்தாத, எல்லோரும் நிம்மதியாக வாழும் ஒரு பணிவான ஆட்சியைப் பாடுகிறார். ஹலேமி ராஜ் என்பது அதற்கு அவர் தந்த பெயர். இவையெல்லாம் வாள் வருவதற்கு முன்பே, 1604-ல் தொகுத்து முடிக்கப்பட்ட, குரு கிரந்த் சாகிபின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்துக்குள் இருப்பவை. அதே காலத்தில் அமிர்தசரஸ் வளர்ந்தது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குத் தரும் தஸ்வந்த் முறை நடந்தது. அதைத் திரட்ட ஊர் ஊராக மசந்துகள் இருந்தார்கள். லாகூரிலிருந்தோ ஆக்ராவிலிருந்தோ பார்க்கிற ஒருவருக்கு இது சாதாரண பஜனை மடமாகத் தெரிந்திருக்காது.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கும் அப்படித் தெரியவில்லை. கோயிந்த்வாலில் இந்தப் பொய்க்கடை ரொம்ப நாளாக நடக்கிறது, இதை மூட வேண்டும் என்று நினைத்திருந்ததாகத் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதுகிறார். கலகம் செய்த இளவரசன் குஸ்ரூவின் நெற்றியில் குரு குங்குமப்பூக் குறி இட்டார் என்பது உடனடிக் காரணமாக வந்தது. 1606-ல் குரு அர்ஜன் லாகூரில் கொல்லப்பட்டார். அடுத்துக் குருவான மகன் ஹர்கோபிந்துக்கு அப்போது வயது 11.

இனி வருவதில் உறுதியானது எது, மரபு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். குரு ஹர்கோபிந்த் பதவியேற்றபோது இரண்டு வாள்களை அணிந்தார், ஒன்று மீரி என்ற உலகியல் அதிகாரத்துக்கு, மற்றது பீரி என்ற ஆன்மிக அதிகாரத்துக்கு என்பது ஒவ்வொரு சீக்கியக் குழந்தைக்கும் தெரிந்த காட்சி. அவர் அவையில் பாடிய நத்தா, அப்துல்லா என்ற, வீரப்பாடல் பாடும் டாடிக் கலைஞர்களின் பாடலாகவும் இது வழங்குகிறது. ஆனால் அந்தக் காட்சியை விரிவாகச் சொல்லும் நூல்கள் பிற்காலத்தவை, அவற்றின் காலமும் சர்ச்சைக்குரியது. ஹர்மந்திர் சாகிப் என்ற பொற்கோயிலுக்கு எதிரே அகால் தக்த் மேடையை, முகலாய ஆணைகளை மீறி, வேண்டுமென்றே உயரமாக எழுப்பினார் என்பதும் மரபுச் செய்திதான். அவர் ஆயுதம் ஏந்தினார், படை வைத்திருந்தார், வேட்டையாடினார், குவாலியர் கோட்டையில் சிறை இருந்தார், ஷாஜஹான் காலத்தில் முகலாயப் படைகளோடு மோதினார் என்பவற்றில் சந்தேகம் இல்லை. அவர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட பாரசீக நூலான தபிஸ்தான், அவர் லாயத்தில் 700 குதிரைகளும், அவரிடம் 300 குதிரை வீரர்களும் 60 துப்பாக்கி வீரர்களும் இருந்ததாகச் சொல்கிறது.

உங்களுக்கு வந்த அதே சந்தேகம் அன்றைய சீக்கியர்களுக்கும் வந்தது. அதை மறைக்காமல் எழுதி வைத்தவர் பாயி குர்தாஸ். ஆதி கிரந்தத்தைக் குரு அர்ஜன் சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதியவர், சமூகத்துக்குள் அவர் சொல்லுக்கு மதிப்பு மிக அதிகம். தன் 26-ஆவது வாரில் குறைகளை வரிசையாக அடுக்குகிறார். முன்பிருந்த குருமார்கள் தர்மசாலையில் ஓரிடத்தில் அமர்ந்திருந்தார்கள், இவர் ஓரிடத்தில் தங்குவதில்லை. அன்று பேரரசர்கள் குருவின் வாசலுக்கு வந்தார்கள், இவரைப் பேரரசன் கோட்டைக்கு அனுப்பினான். அவர்கள் கட்டிலில் அமர்ந்து சீடர்களுக்கு ஆறுதல் சொன்னார்கள், இவர் நாய் வளர்த்து வேட்டைக்குப் போகிறார். அவர்கள் பாடல் இயற்றினார்கள், கேட்டார்கள், பாடினார்கள்; இவர் மூன்றையும் செய்வதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, உண்மையை மறைத்து வைக்க முடியாது, தாமரையைத் தேடும் வண்டுகளாகச் சீக்கியர்கள் இவரிடமே வருகிறார்கள், தாங்க முடியாததைத் தாங்கிக்கொண்டும் இவர் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை என்று முடிக்கிறார். மீரி-பீரி பற்றி வகுப்பெடுக்கும்போது நான் முதலில் படிக்கச் சொல்வது இந்தப் பகுதியைத்தான். மாற்றம் நடந்தது, அது வலித்தது, நெருங்கியவர்களே கேள்வி கேட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஏன் மாறியது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமை இல்லை. சமூகத்துக்குள் பெருமளவில் சேர்ந்த ஜாட் விவசாயிகள் ஏற்கெனவே ஆயுதம் பழகியவர்கள், அவர்களோடு அந்தப் பழக்கமும் உள்ளே வந்தது என்று டபிள்யூ. எச். மெக்லியாட் வாதிட்டார். சீக்கிய அறிஞர்கள் பலர் இதைக் கடுமையாக மறுத்து, நானக்கின் சிந்தனையே இங்கே இட்டுவந்தது என்கிறார்கள். இரண்டையும் படித்த பிறகு என் கணிப்பு இது: படை எப்படித் திரண்டது என்பதற்கு ஜாட் விளக்கம் ஓரளவு உதவும். படை வைத்திருப்பது ஒரு குருவுக்குத் தகும் என்று அத்தனை பேர் ஏற்றுக்கொண்டது எப்படி என்பதற்கு அது உதவாது. அதற்கு பாபர்வாணிக்கும் ஹலேமி ராஜுக்கும்தான் போக வேண்டும்.

எதற்கு எது கட்டுப்பட்டது என்ற கேள்விக்கு, அமிர்தசரஸ் போனால் ஒரு மாலை முழுக்க அங்கேயே இருந்து பாருங்கள் என்பேன். ஹர்மந்திரின் பாலத்துக்கு நேர் எதிரே அகால் தக்த். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. நடுவே ஒரு ஜோடி நிஷான் சாகிப் கொடிமரங்கள். மீரிக்கு ஒன்று, பீரிக்கு ஒன்று, பீரியின் கொடி சற்று உயரம். சாயங்காலம் தக்த்தில் குருமார்களின் ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எது யாருடையது என்று கூடியிருக்கும் பக்தர்களுக்குச் சொல்வார்கள். இரவு கீர்த்தனை முடிந்ததும் குரு கிரந்த் சாகிபைப் பல்லக்கில் வைத்து, கொம்பு முழங்க, தோள்கொடுக்கக் கூட்டம் முண்டியடிக்க, பாலத்தைக் கடந்து அகால் தக்த்துக்குக் கொண்டுவருவார்கள். இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டு விடியுமுன் மறுபடி ஹர்மந்திருக்குப் போகும். பகலில் நடுநாயகமாக அமர்வது கிரந்தம்தான். தக்த்தில் எடுக்கப்படும் எந்த முடிவும் அந்தக் கிரந்தத்தின் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டியது. மீரியும் பீரியும் சமமான இரண்டு துறைகள் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. பீரி அளவுகோல், மீரி அதனால் அளக்கப்படுவது. குரு ஹர்கோபிந்த் ஸ்ரீ ஹர்கோபிந்த்பூரில் முஸ்லிம்களுக்காகக் கட்டித் தந்தது என்று மரபு சொல்லும் குரு கி மசீத் என்ற மசூதி இன்றும் இருக்கிறது. 1675-ல் குரு தேக் பகதூர் காஷ்மீரப் பண்டிதர்களுக்காக நின்று டெல்லியில் உயிர் கொடுத்தார் என்பது சீக்கிய நினைவின் மையம். யாருக்கும் அச்சம் தராதவன், யாருக்கும் அஞ்சாதவன் என்று ஞானியை வரையறுத்தவர் அவர். கையில் அதிகாரம் இருப்பவனுக்கு அதன் முதல் பாதி கடினம், இல்லாதவனுக்கு இரண்டாம் பாதி கடினம்.

இதுவரை இரண்டு அதிகாரமும் ஒரே ஆளிடம், குருவிடம் இருந்தது. அப்படியே தொடர்ந்திருந்தால் உங்கள் மத ஆட்சி அச்சத்துக்கு முழு நியாயம் இருந்திருக்கும். பத்தாவது குரு அதைக் கலைத்துவிட்டார். 1699 வைசாகியில் ஆனந்த்பூரில் ஐந்து பேருக்கு அமிர்தம் கொடுத்து, தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவைத் தொடங்கிய குரு கோபிந்த் சிங், அடுத்து அந்த ஐவரின் முன் கைகூப்பி நின்று அவர்களிடமே தானும் அமிர்தம் பெற்றுக்கொண்டார். 1708-ல் நாந்தேடில் அவர் மறைந்தபின் மனிதக் குரு கிடையாது: குருத்துவம் கிரந்தத்துக்கும், கிரந்தத்தின் முன் கூடும் பந்த் என்ற சமூகத்துக்கும் போனது. அன்றிலிருந்து எந்தத் தனிமனிதனும், அவன் மன்னனானாலும் தக்த்தின் தலைவரான ஜத்தேதாரானாலும், மீரியும் பீரியும் என் கையில் என்று சொல்ல வழியில்லை. சீக்கியச் சிந்தனையில் நான் ஆழமாக மதிக்கும் இடம் இதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு இதை நடத்திக் காட்டியது. சிர்ஹிந்தை 1710-ல் வென்ற பந்தா சிங் பகதூர் அடித்த நாணயமும் முத்திரையும் குருமார்களின் பெயரில் இருந்தன, அவர் பெயரில் இல்லை. பிறகு வேட்டையாடப்பட்ட காலத்திலும் வைசாகிக்கும் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் கூடி, சர்பத் கால்சா என்ற அந்தக் கூட்டத்தில், கிரந்தத்தின் முன் குர்மதா என்ற கூட்டு முடிவு எடுத்தார்கள். லாகூர் ஆளுநர் ஜக்காரியா கான் 1733-ல் சமாதானமாக நவாப் பட்டமும் ஜாகீரும் அனுப்பியபோது, தலைவர்கள் ஆளாளுக்கு மறுத்து, கடைசியில் கூட்டத்துக்கு விசிறி வீசிக்கொண்டிருந்த கபூர் சிங்கிடம் தள்ளிவிட்டார்கள். அவர் அந்தப் பட்டாடையை ஐந்து சிங்குகளின் காலில் தொட்டு வாங்கி அணிந்தாராம். குதிரை லாயத்தில் என் வேலையை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டாராம். பட்டம் வந்ததும் கபூர் சிங் அதைப் பெற்றதும் வரலாறு. விசிறியும் லாயமும் பின்னர் பதிவான மரபு. அந்த விவரங்களைத்தான் சமூகம் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதும் ஒரு சான்றுதான்.

1799-ல் லாகூரைப் பிடித்த ரஞ்சித் சிங்கை, மோரான் என்ற நடனப் பெண்ணோடான உறவுக்காக அகால் தக்த்தின் அகாலி பூலா சிங் அழைத்துக் கசையடி விதித்தார், மன்னர் முதுகைக் காட்டி நின்றார் என்ற கதையை எல்லோரும் விரும்பிச் சொல்வார்கள். நடந்தவற்றின் விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. எனக்கு அதைவிட முக்கியம் இன்னொன்று. 1805-ல் ஹோல்கரும் ஆங்கிலேயரும் எல்லைக்கு வந்தபோது கூடிய சர்பத் கால்சாவுக்குப் பிறகு, ரஞ்சித் சிங் அதை மறுபடி கூட்டவே இல்லை. தன் அரசைக் கால்சாவின் அரசு என்றார், நாணயத்தில் நானக்கின் பெயரைப் போட்டார், ஃபக்கீர் அஜீஸுத்தீன் போன்ற முஸ்லிம்களை உயர் பதவியில் வைத்து, எல்லா மதத்தினரையும் ஆண்டார். மத ஆட்சி என்று அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் தன்னை விசாரிக்கக்கூடிய ஒரே அவையைச் சத்தமில்லாமல் மூடினார். ஒரு தனிமனிதனின் குற்றத்துக்குக் கசையடியை ஏற்பது மன்னருக்கு எளிது. முடிவெடுக்கும் உரிமையைச் சபைக்கு விடுவது கடினம்.

ஆங்கிலேயர் காலத்தில் பொற்கோயில் அரசு நியமித்த மேலாளர் கையில் இருந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் ஜெனரல் டயருக்கு சிரோபா மரியாதை செய்யும் அளவுக்குப் போனார் அந்த மேலாளர். அந்த ஆத்திரத்தில் எழுந்த அகாலி இயக்கம் 1921-ல் நன்கானா சாகிபில் உயிர்களைக் கொடுத்தது, 1922-ல் குரு கா பாக்கில் கை ஓங்காமல் லத்தியடி வாங்கியது, 1925-ல் குருத்வாரா சட்டத்தைப் பெற்றது. ஷிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியைப் பெண்கள் உட்பட வயதுவந்த சீக்கியர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பது என்றானது. இது மாபெரும் சாதனை. இன்றைய சிக்கலும் இதில்தான் பிறந்தது: கமிட்டியை வெல்வது ஒரு கட்சி, அகால் தக்த்தின் ஜத்தேதாரை நியமிப்பதும் நீக்குவதும் கமிட்டி, அந்தக் கட்சிக்காரர்களை விசாரிக்க வேண்டியவர் ஜத்தேதார்.

இது எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒருவரே உதாரணம்: சுர்ஜித் சிங் பர்னாலா. பஞ்சாப் முதலமைச்சராக 1986 ஏப்ரலில் பொற்கோயில் வளாகத்துக்குள் காவல் படையை அனுப்பினார். அதற்குப் பரிகாரமாகப் பக்தர்களின் செருப்பைத் துடைத்தார். 1987-ல், அகாலிப் பிரிவுகள் எல்லாம் கலைந்து ஒன்றாக வேண்டும் என்ற தக்த்தின் ஆணையை ஏற்காததற்காகச் சமூகத்திலிருந்து விலக்கப்பட்டார். 1988 டிசம்பரில் தானாகவே போய் நின்று, கழுத்தில் பலகையோடு தூணில் கட்டப்பட்டார். முதல் தண்டனையில் எனக்குக் கொள்கைச் சிக்கல் தெரியவில்லை: ஒரு சீக்கியராக, புனித இடம் தொடர்பான செயலுக்கு அவர் பதில் சொன்னார். இரண்டாவது வேறு வகை. எந்தக் கட்சி கலைய வேண்டும் என்று ஒரு ஜத்தேதார் ஆணையிடுவது, சர்பத் கால்சா செய்ய வேண்டியதை ஒரு நபர் செய்வது. அதே பர்னாலாதான் தமிழக ஆளுநராக இருந்தபோது, 1991 தொடக்கத்தில் கருணாநிதி அரசைக் கலைக்க அறிக்கை தர மறுத்தார். அவர் அறிக்கை இல்லாமலேயே மத்திய அரசு கலைத்தது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். தன்கையா, அதாவது மதநெறி மீறியவர், என்று அறிவிக்கப்பட்டவர் தானே வந்து நின்றால்தான் தண்டனைக்கே பொருள். அகால் தக்த்திடம் காவல்துறையும் சிறையும் இல்லை. சுக்பீர் வரமாட்டேன் என்றால் அவர் குடியுரிமையில் ஒரு துளியும் குறையாது. விதிக்கப்பட்டதும் வாசல்காவல், பாத்திரம் கழுவுதல், கீர்த்தனை கேட்டல் போன்ற சேவைதான். 2007 முதல் 2017 வரையிலான ஆட்சியில் நடந்தவற்றுக்கும், தேரா சச்சா சௌதா என்ற அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்கு 2015-ல் மன்னிப்பு வாங்கித் தந்ததற்கும் அவர் பொறுப்பேற்றார். மத பீடம் ஆட்சி செய்வதை மத ஆட்சி என்பார்கள். ஆட்சி செய்பவனைக் கேள்வி கேட்பது நானக் செய்தது. அந்தப் படத்தில் எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. டிசம்பர் 4-ல் அந்த வாசலிலேயே அவரைச் சுட முயன்றதுதான் அந்த இடத்துக்கே நேர்ந்த அவமானம்.

என் கவலை அதற்கடுத்த மாதங்கள் பற்றியது. டிசம்பர் 2-ல் தீர்ப்பு சொன்ன, சிங் சாகிப் எனப்படும் ஐந்து மதத் தலைவர்களில் கியானி ஹர்ப்ரீத் சிங் 2025 பிப்ரவரியிலும், கியானி ரக்பீர் சிங், கியானி சுல்தான் சிங் இருவரும் மார்ச்சிலும் கமிட்டியால் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. தீர்ப்புக்கான பழிவாங்கல் என்று பஞ்சாபில் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள். ஏப்ரலில் சுக்பீர் மறுபடி கட்சித் தலைவரானார். நீங்கள் அஞ்சியது மதம் ஆட்சியை விழுங்குவதை. அங்கே நடப்பது கட்சி பீடத்தை விழுங்குவது. ஜத்தேதாரின் தகுதி, நியமனம், பதவிக்காலம், நீக்கம் எதையும் 1925 சட்டம் வரையறுக்கவில்லை. அதைச் சரிசெய்யும் அதிகாரத்தை வாக்காளர்களிடம் புதிதாக வாங்க வேண்டிய கமிட்டிக்குக் கடைசியாகப் பொதுத்தேர்தல் நடந்தது 2011-ல்.